உப்புவெளியில் ஒரு சித்திரை

"அப்பம்மா, அந்தக் கதிரையில இருங்கோ. நான் தேத்தண்ணி கொண்டு வாறன்."

ஏழு வயது மகள் இப்படிச் சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள். என் மாமியார் கைப்பையைக் கூட கீழே வைக்காமல் என்னைப் பார்த்தார். நாகப்பட்டினத்தில் இருந்தவரை அவரை அவள் பாட்டி என்றுதான் கூப்பிடுவாள். இங்கே இலங்கையில், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு அப்பாவின் அம்மா அப்பம்மா. அவளுக்கும் அப்படியே ஆகிவிட்டது. போனில் பேசும்போது இரண்டொரு வார்த்தை காதில் விழுந்திருக்கும். நேரில் கேட்டபோது அத்தைக்கு முகம் ஒரு கணம் வாடியது எனக்குத் தெரிந்தது.

விமானத்தில் ஏற மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தவர் அத்தை. நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் 2023 அக்டோபரில் கப்பல் விட்டார்கள், அப்புறம் நின்றுபோனது, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓட ஆரம்பித்தது. போன வருஷம் சித்திரைப் பிறப்புக்கு முன்னால் அதில் ஏறி வந்தார். ஏறக்குறைய நாலு மணி நேரக் கடல். இறங்கியதும் யாழ்ப்பாணம், வவுனியா வழியாக வேனில் திருகோணமலை. கடலைவிட ரோடுதான் அவருக்கு நீளமாக இருந்ததாம்.

நாங்கள் வந்தது 2021 கடைசியில். கணவருக்குத் துறைமுகப் பக்கம் ஒப்பந்த வேலை. பிரிட்டிஷ்காரர்கள் விட்டுப்போன 99 எண்ணெய்க் குதங்கள், அதாவது பெரிய சேமிப்புத் தொட்டிகள், இருக்கிற சீனக்குடாவைத் தாண்டித்தான் தினமும் போய்வருவார். உப்புவெளியில் வாடகை வீடு, கடலுக்கு நடக்கிற தூரம். தமிழ் பேசுகிற ஊர்தானே, வெளிநாடு மாதிரியே இருக்காது என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பித்தான் வந்தேன்.

மொழி ஒன்றாக இருந்தால் ஆளும் ஊரோடு ஒன்றிவிடுவார் என்பது உண்மையில்லை. கடையில் நான் மூன்று சொல் பேசுவதற்குள் "நீங்கள் இந்தியாவோ?" என்று கேட்டுவிடுவார்கள். அன்பாகத்தான் கேட்பார்கள், ஆனால் ஒவ்வொரு தடவையும் கேட்பார்கள். ஒருமுறை மகளுக்காக ஒரு படிவம் நிரப்பினேன். இனம் என்ற இடத்தில் இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று தனித்தனியாகக் கட்டங்கள். நான் யோசிக்காமல் இந்தியத் தமிழரில் அடையாளம் போட்டேன். அந்தச் சொல் இங்கே மலையகத் தமிழர்களைக் குறிப்பது, இருநூறு வருஷத்துக்கு முன்பிருந்து கோப்பித் தோட்டத்துக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் கூட்டிவரப்பட்டவர்களின் பிள்ளைகளைக் குறிப்பது என்று மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் சத்தமாகச் சொல்லி, படிவத்தைத் திருப்பித் தள்ளினார். பின்னால் நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். அழித்துவிட்டு 'வேறு' என்ற கட்டத்தில் போட்டேன். அன்றைக்கு அந்த 'வேறு' என்னை ரொம்ப வலித்தது. அவ்வளவு பெரிய சரித்திரம் ஒரு கட்டத்துக்குள் இருப்பது தெரியாமல் வந்து குடியேறியிருக்கிறேனே என்பதுதான் அதைவிட அதிகமாக வலித்தது.

அந்தப் படிவக் கதையை நான் முதலில் சொன்னது பக்கத்து வீட்டு அன்ரியிடம். அன்ரி என்றால் கிட்டத்தட்ட எழுபது வயது. 2022இல் சமையல் வாயு எங்குமே கிடைக்காமல், பெட்ரோலுக்கு ராத்திரி முழுக்க வரிசையில் நின்ற மாதங்களில், தன் வீட்டு விறகில் பாதியை மதிலுக்கு மேலால் எடுத்துத் தந்தவர். விறகடுப்பில் தீ பிடிக்கத் தெரியாமல் நான் புகையில் நின்றபோது குசினிக்குள் வந்து குனிந்து ஊதிக் காட்டினார். அவர் பரிமாறிக்கொண்டே "காணுமோ பிள்ளை?" என்று கேட்ட முதல் நாள், என்ன காணவில்லை என்று நான் சுற்றிப் பார்த்தேன். 'காணும்' என்றால் போதும். இப்போது எனக்கே வேறு சொல் வருவதில்லை.

சித்திரைப் பிறப்பன்று விடியற்காலையில் அன்ரி ஒரு சின்னச் செம்போடு எங்கள் வாசலில் நின்றார். கோயிலில் வாங்கிய மருத்துநீர். ஊரில் எங்களுக்கு இந்த வழக்கமில்லை. தாழம்பூ, தாமரை, துளசி, வில்வம், அறுகம்புல், மஞ்சள், மிளகு, சுக்கு என்று என்னென்னவோ போட்டுக் காய்ச்சிய, கலங்கிய பச்சை நீர். அடுப்படியில் கஷாயம் கொதிக்கிற வாசனையும் பூ வாசனையும் ஒன்றாக வரும். பஞ்சாங்கத்தில் சொன்ன இலை தலைக்கு ஒன்று, காலுக்கு ஒன்று. மூத்தவர்தான் வைக்க வேண்டும். அத்தையைக் கிணற்றடியில் கிழக்குப் பார்க்க நிற்க வைத்து, காலடியில் இலையைப் போட்டு, உச்சியில் இலையை வைத்து, விரல் நுனியால் அந்த நீரைத் தொட்டுத் தொட்டுத் தலையில் தடவினார். "கண்ணை மூடுங்கோ தங்கச்சி, எரியும்" என்றார். மாமனார் போன பிறகு அத்தையின் தலையில் யாரும் இப்படிக் கை வைத்து நான் பார்த்ததில்லை. கண்ணை மூடியபடியே நின்றார். இலை கீழே விழுந்த பிறகும் நின்றார்.

அன்று சாயங்காலம் எல்லோரும் கடற்கரைக்குப் போனோம். இங்கேயும் நாகையிலும் கடல் கிழக்கில்தான் இருக்கிறது, மழையும் ஐப்பசி கார்த்திகையில்தான் கொட்டும் என்பதில் அத்தைக்கு ஒரு நிம்மதி. திசை மாறவில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மகள் தண்ணீரை நோக்கி ஓடியதும் "அங்கால போகாதே!" என்று அன்ரியும் "கிட்ட போகாத!" என்று அத்தையும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். இரண்டு பேரும் எழுந்தே விட்டார்கள். அப்புறம்தான் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அத்தையின் தம்பி 2004 டிசம்பர் 26 காலையில் மீன் வாங்க அக்கரைப்பேட்டைக்குப் போனவர். நாகை மாவட்டத்தில் மட்டும் அன்று ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள். இலங்கையில் முப்பதாயிரத்துக்கும் மேல். அதெல்லாம் நான் படித்தவைதான். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை இங்கே போயா நாளும்கூட என்பதை அன்ரி சொல்லித்தான் அறிந்தேன். பௌர்ணமி விடுமுறை. அவருடைய தங்கை பிள்ளைகளோடு நிலாவெளியில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருக்கிறார். "பிள்ளையள் தப்பினதுகள்" என்று மட்டும் சொன்னார். அத்தை கேட்கவில்லை. இருட்டுகிறவரை இரண்டு பேரும் மணலில் உட்கார்ந்திருந்தார்கள். நானும் என் கணவரும் மகளைக் கூட்டிக்கொண்டு கொஞ்சம் தள்ளி நடந்தோம்.

கோணேசர் கோயிலுக்கு மறுநாள் போனோம். கோட்டை வழியில் மான்கள் ஆட்களோடு ஆட்களாக நிற்கும். ஒரு மான் சொப்பிங் பையை மென்றுகொண்டிருந்தது, மகள் அழுதுகொண்டே அதன் வாயிலிருந்து இழுத்தாள். 1620களில் போர்த்துக்கேயர் இடித்த பழைய கோயிலின் கதையையும், பாறைப் பிளவான இராவணன் வெட்டின் கதையையும் அத்தை பொறுமையாகக் கேட்டார், கும்பிட்டார். மனசு அங்கே இல்லை. வேனில் ஏறியதும் கன்னியாவுக்குப் போகலாமா என்று கேட்டார். தாய்க்கு ஈமக்கடன் செய்ய இராவணன் உண்டாக்கியது என்று சொல்லப்படுகிற ஏழு வெந்நீர்க் கிணறுகள். இங்குள்ளவர்கள் இறந்தவர்களுக்கு முப்பத்தோராம் நாள் கிரியை செய்கிற இடம் என்று அன்ரி சொல்லியிருக்கிறார்.

"அவங்க தங்கச்சி பேரு என்னம்மா?" என்றார் அத்தை.

எனக்குத் தெரியவில்லை. மூன்று வருஷம் மதிலுக்கு இந்தப் பக்கம் இருக்கிறேன். எப்போது ஊருக்குத் திரும்பப் போகிறீர்கள் என்று இங்கேயும், எப்போது வரப்போகிறீர்கள் என்று அங்கேயும் என்னைக் கேட்கிறார்களே என்று வருத்தப்பட்டிருக்கிறேன். அவரிடம் இதை ஒருநாளும் கேட்டதில்லை. வேனிலிருந்தே போன் போட்டேன். "ஏன் பிள்ளை?" என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் பெயரைச் சொன்னார், முழுப் பெயராக.

கிணறுகள் சின்னச் சதுரங்கள், தண்ணீருக்கு அடியில் தரை தெரியும். ஒவ்வொன்றிலும் சூடு வேறு வேறு. அத்தை வாளியால் மொண்டு முதல் வாளியைத் தம்பி பெயர் சொல்லி ஊற்றினார். அடுத்த கிணற்றில் இன்னொரு வாளி. அந்தப் பெயரைத் தப்பாகச் சொல்லிவிடக்கூடாது என்று உதட்டுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு, பிறகு சத்தமாகச் சொன்னார்.

"ஆர் அது, அப்பம்மா?" என்று கேட்டாள் மகள்.

"நம்ம அன்ரியோட தங்கச்சி" என்றார் அத்தை. வாளியை அவள் கையிலும் பிடிக்கக் கொடுத்தார்.