வெருகல்: ஆற்றங்கரையில் ஒரு நேர்த்தி

நேர்த்திக்கடன் இல்லாமல் வெருகலுக்குப் போகிறவர் குறைவு. திருகோணமலையிலிருந்து கிண்ணியா, மூதூர், கிளிவெட்டி, சேருநுவர என்று தெற்கே இறங்க இறங்க வீடுகள் அருகிவிடும். கடைசியில் வயல், பற்றைக்காடு, ஆறு, முருகன் கோயில், உள்ளே சித்திரவேலாயுதர்.

2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை முதல் துறையிலேயே பாதைக்கு, அதாவது வாகனமேற்றும் மிதவைப் படகுக்கு, காத்துக் கிடக்கவேண்டும். பாதை பழுதானால் அன்றைய பூசை தவறியதுதான். இப்போது பாலத்தால் ஓடிவிடலாம். ஆனாலும் பொழுதுபட முன் திரும்புங்கள், சேருநுவரக்கு அப்பால் யானை றோட்டுக்கு வரும்.

இத்தனை சிறிய ஊரின் கோயிலுக்கு நாற்புறமும் மதில் எப்படி எழும்பியது? தெற்கு மதில் கயில வன்னியனாருடையது என்கிறது கோயிற் கல்வெட்டு. மற்றப் பக்கங்களுக்கு வேறு ஆட்கள். ஆளில்லாத ஊரில் அன்றைக்கே பங்கு போட்டுத்தான் கட்டியிருக்கிறார்கள். ஆவணித் திருவிழாவிலும் அதே கதைதான்: ஆற்றுக்கு இக்கரைச் சனம், அக்கரைக் கதிரவெளி, வாகரைச் சனம், வேடர் குடிகள். 2006இல் போருக்குத் தப்பி ஊரே ஆற்றைக் கடந்து வாகரைக்கு ஓடியது. மீண்டு வந்தவர்கள் விளக்கேற்றினார்கள்.

திருவிழா நாளில் வாகனக் கதவைத் திறக்குமுன்னே கற்பூரத் தட்டோடு கையைப் பிடித்து இழுப்பார்கள், விலையும் இரட்டிப்பு. தேங்காயும் கற்பூரமும் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். கற்பூரத்தை இறுகக் கட்டாவிட்டால் காற்றிலேயே கரைந்து குறைந்துவிடும். முதுகுத் தோலில் செடில் என்ற கொக்கி குத்துகிறவர்கள் காலையிலேயே புறப்படவேண்டும். உச்சிக்குப் பின் மணல் கொதிக்கும். காவடிக்காரர் தடுமாறுவது பெரும்பாலும் உள்ளங்கால் சுட்டுத்தான், செடிலால் அல்ல. கூட வருபவர் ஒரு வாளித் தண்ணீர் வைத்திருந்து வழியை நனைத்துக்கொண்டே போகட்டும்.

தீர்த்தமாட முழங்காலுக்கு மேல் இறங்காதீர்கள். மகாவலியின் கிளையல்லவா, மேலே தண்ணீர் கூடினால் கரைமணல் காலடியிலேயே சரியும். முதலையும் உண்டு. சனம் கூடினால் அது ஒதுங்கிவிடும் என்பார்கள். அதை நம்பி விடியலில் தனியே இறங்கவேண்டாம்.

பிறகு ஈரவேட்டியோடு உள்ளே. நெரிசலில் முன்னால் நிற்பவரின் பிடரிதான் தெரியும். மணி அடிக்க, திரை ஒரு பக்கமாய்ச் சுருங்கும். தீபம் மேலே போகும்போது வேலாயுதர் முகம் பளிச்சென்று ஒருமுறை, அவ்வளவுதான். கேட்க நினைத்து வந்தது எல்லாம் மறந்துபோகும். வேட்டி நுனியிலிருந்து ஆற்றுத்தண்ணீர் சொட்டிக்கொண்டேயிருக்கும். முருகா, கூப்பிட்டாயே, அது போதும்.