காசு கொடுத்து வாங்கிய கணினியும் கடல் கடந்த கட்டளைகளும்

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. அந்த நாளையொட்டி, எனக்குத் தெரிந்த பல குடும்பங்களில் நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருந்த மடிக்கணினிகள் அலமாரிக்குப் போயின, புதியவை வாங்கப்பட்டன. வாங்கியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வங்கிக் கணக்கையும் சிங்கப்பூர் அரசின் மின்னிலக்க அடையாளமான சிங்பாஸையும் பாதுகாப்பற்ற கணினியில் திறக்க யாருக்குத் துணிவு வரும்? ஆனால் நம் பணத்தில் வாங்கி, நம் வீட்டு மேசையில் வைத்திருக்கும் ஒரு பொருளின் ஆயுளை நம்மைக் கேட்காமல் வேறொரு நாட்டில் இருப்பவர்கள் தீர்மானிக்கிறார்கள் என்பதை நாம் மிக எளிதாக ஏற்றுக்கொண்டு விட்டோம். அந்த ஏற்பு ஆபத்தானது என்று நான் நம்புகிறேன்.

விண்டோஸ் 10 வெளிவந்தது 2015 ஜூலையில். 2021 அக்டோபரில் விண்டோஸ் 11 வந்தபோது, முன்பு இல்லாத கெடுபிடிகளும் உடன் வந்தன. கணினியில் டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு இருக்க வேண்டும். செயலியும் (புராசசர்) நிறுவனம் வெளியிட்ட பட்டியலில் இடம்பெற்றிருக்க வேண்டும். இன்டெல் செயலிகளில் ஏறத்தாழ எட்டாம் தலைமுறையிலிருந்துதான் அந்தப் பட்டியல் தொடங்குகிறது. திறவுகோல்களைத் தனியே பூட்டி வைக்கும் அந்தச் சில்லால் நன்மை இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் சில்லு இருந்தும் செயலி பட்டியலில் இல்லை என்ற ஒரே காரணத்தால் ஒதுக்கப்பட்ட கணினிகள் ஏராளம். மின்னஞ்சல் பார்க்கவும், கடிதம் தட்டச்சு செய்யவும், பேரப்பிள்ளைகளோடு காணொளியில் பேசவும் 2017ஆம் ஆண்டுக் கணினி தாராளமாகப் போதும்.

இன்னும் ஓராண்டுக்கு, அதாவது 2026 அக்டோபர் 13 வரை, பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வேண்டுமென்றால் 30 அமெரிக்க டாலர் கட்டலாம் என்றார்கள். அல்லது கணினியின் அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமித்து வைக்கச் சம்மதித்தால் பணம் கட்ட வேண்டியதில்லை என்று அறிவித்தார்கள். ஐரோப்பாவில் நுகர்வோர் அமைப்புகள் இதை எதிர்த்துக் குரல் கொடுத்தன. விளைவாக, ஐரோப்பியப் பொருளியல் வட்டார நாடுகளில் உள்ளவர்களுக்குக் கட்டணமும் இல்லை, அமைப்புகளைச் சேமிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை என்று ஆயிற்று. அதே மென்பொருள், அதே ஓராண்டு; ஆனால் பாரிஸில் இருப்பவருக்கு ஒரு விதி, சிங்கப்பூரின் பாசிர் ரிஸில் இருப்பவருக்கு வேறு விதி. கேட்டவர்களுக்குக் கிடைத்தது, நாம் கேட்கவே இல்லை.

சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சுமார் 60,000 டன் மின்கழிவு சேர்கிறது என்றும், ஒவ்வொருவரும் ஏறத்தாழ 70 கைத்தொலைபேசிகளை வீசுவதற்கு அது சமம் என்றும் தேசியச் சுற்றுப்புற வாரியம் கூறிவருகிறது. 2021 ஜூலை முதல், மின்சாதனங்களைத் தயாரித்தோ இறக்குமதி செய்தோ விற்பவர்களே அவற்றைத் திரும்பப் பெறுவதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற சட்டம் நடப்பில் உள்ளது. கடைத்தொகுதிகளிலும் சமூக மன்றங்களிலும் அதற்கான பெட்டிகளைப் பார்க்கலாம். பழுதான பொருளுக்கு அது நல்ல ஏற்பாடு. பழுதே ஆகாத கணினி அந்தப் பெட்டிக்குள் போவதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

ஈசூனில் வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரின் மடிக்கணினியைச் சொல்கிறேன். ஏழாம் தலைமுறைச் செயலி, எட்டு கிகாபைட் நினைவகம், அடைப்புக்குறி விசையில் மட்டும் சற்றுத் தேய்மானம். திரையை நிறைத்துக்கொண்டு வந்த அறிவிப்பைக் காட்டி, "நல்லாத்தானே ஓடுது தம்பி, எதுக்குத் தூக்கிப் போடச் சொல்லுது?" என்று கேட்டார். அதில் லினக்ஸ் மிண்ட் 22 இயங்குதளத்தை நிறுவிக் கொடுத்தேன். இலவசம், 2029 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வரும். தமிழ்நெட் 99 விசைப்பலகை அதிலேயே இருக்கிறது, தனியாக எதையும் வாங்கவோ பதிவிறக்கவோ வேண்டியதில்லை. மத்திய சேமநிதிக் கணக்கை ஃபயர்பாக்ஸில் திறந்து, கைபேசியால் சிங்பாஸ் குறியீட்டை வருடி உள்ளே போவதிலும் சிக்கல் இல்லை. வருடியை (ஸ்கேனரை) அந்தக் கணினியோடு இயங்க வைக்கத்தான் ஒரு மாலைப்பொழுது முழுதும் செலவாயிற்று. இதை எல்லாருக்கும் எளிதான வேலை என்று சொல்ல மாட்டேன்; பக்கத்தில் விவரம் தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும்.

அந்த மடிக்கணினியில் வேறொன்றையும் பார்த்தேன், அதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. ஐயா பல்லாண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்த பாடக் குறிப்புகளும் மேடைப் பேச்சுகளும் பழைய எழுத்துருக்களில் இருந்தன. எழுத்துரு இல்லாமல் திறந்தால், தமிழ் வரிகள் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் குறிகளும் கலைந்து கிடக்கின்றன. 1990களில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு குறியேற்றம் (எழுத்துகளைக் கணினி எண்களாகச் சேமிக்கும் முறை) வைத்துக்கொண்டு, தன் எழுத்துருவில் தட்டச்சு செய்ததைத் தன் எழுத்துருவில் மட்டுமே படிக்க முடியும்படி செய்திருந்த காலத்தின் விளைவு அது. விற்றவர் கடையை மூடிவிட்டால் எழுதியவரின் எழுத்தும் அதோடு பூட்டப்படும்.

இதைத் தமிழர்கள் பட்டறிந்தவர்கள் என்பதாலும், இதிலிருந்து மீண்டு வந்த வழியில் சிங்கப்பூருக்குப் பெரும் பங்கு உண்டு என்பதாலும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தமிழை இணையத்தில் முதன்முதலில் ஏற்றியவர்களில் ஒருவரான நா. கோவிந்தசாமி இங்கே தேசியக் கல்விக் கழகத்தில் பணியாற்றியவர். அவர் முன்னின்று கூட்டிய தமிழ்நெட் 97 மாநாடு இந்த ஊரில்தான் நடந்தது. ஆளுக்கொரு விசைப்பலகை, ஆளுக்கொரு குறியேற்றம் என்று இருந்த நிலையை மாற்றி, யாருக்கும் தனியுடைமை ஆகாத பொதுத் தரத்தை வகுக்க வேண்டும் என்று வெவ்வேறு நாட்டுத் தமிழர்கள் ஒன்றுகூடிப் பேசினார்கள். 1999இல் சென்னை மாநாட்டில் அது தமிழ்நெட் 99 விசைப்பலகையாக உருப்பெற்றது. பிறகு உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான குறியேற்றமான யூனிகோடு பரவலானதும், எந்தக் கணினியில் எழுதினாலும் எந்தக் கைபேசியிலும் தமிழைப் படிக்கலாம் என்ற நிலை வந்தது. இன்று நீங்கள் இந்த வரிகளைத் தடையின்றி வாசிப்பது அந்த உழைப்பின் பயன். பொதுத் தரம் என்பது எவ்வளவு பெரிய சொத்து என்பதை நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள் இருக்க முடியாது. அப்படிப்பட்ட நாம் மின்னஞ்சல், ஆவணம், நிழற்படம், பணப்பை என்று எல்லாவற்றையும் இரண்டு மூன்று நிறுவனங்களின் கையில் கொடுத்துவிட்டு இருக்கிறோம்.

அந்தக் கை எப்போது விலகும் என்பதற்கு உலக நடப்பிலேயே சான்றுகள் உள்ளன. 2019 மே மாதம் அமெரிக்க வர்த்தகத் துறை ஹுவாவே நிறுவனத்தைத் தன் தடைப் பட்டியலில் சேர்த்தது. சில நாள்களிலேயே கூகல் அந்நிறுவனத்துடனான தொடர்பை முறிக்கத் தொடங்கியது. அவ்வாண்டு வெளிவந்த ஹுவாவே மேட் 30 கைபேசியில் கூகலின் கைபேசிச் செயலிகள் (ஆப்) இல்லை. அந்தச் சமயத்தில் சிங்கப்பூரில் பழைய பொருள்களை விற்க உதவும் கேரசல் தளத்தில் ஹுவாவே கைபேசிகளை விற்க முன்வந்தவர்கள் திடீரெனப் பெருகினார்கள். வாஷிங்டனில் இட்ட ஒரு கையெழுத்தால் புக்கிட் பாஞ்சாங்கில் ஒருவரின் சட்டைப்பைக்குள் இருந்த பொருளின் விலை சரிந்தது. அவர் எந்தத் தவறும் செய்யவில்லை, எந்தத் தரப்பையும் ஆதரிக்கவில்லை.

2025 ஜூலையில் குஜராத்தில் நடந்தது இதைவிடக் கடுமையானது. வாடினாரில் பெரும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையை நடத்தும் நயாரா எனர்ஜி நிறுவனத்தில் ரஷ்யாவின் ரோஸ்நெஃப்ட்டுக்கு 49.13 விழுக்காட்டுப் பங்கு உண்டு. ஜூலை 18ஆம் தேதி ஐரோப்பிய ஒன்றியம் நயாரா மீது தடை விதித்தது. சில நாள்களில் அந்நிறுவனத்தின் ஊழியர்களால் மைக்ரோசாஃப்ட் வழங்கும் மின்னஞ்சலையும் கோப்புகளையும் திறக்க முடியாமல் போயிற்று. நயாரா டெல்லி உயர் நீதிமன்றத்தை நாடியது. அந்த மாதம் முடிவதற்குள் சேவை திரும்பக் கிடைத்தது. இந்தியச் சட்டத்தின்கீழ் இயங்கும், உரிமக் கட்டணத்தை ஒழுங்காகச் செலுத்திய ஒரு நிறுவனத்தின் அன்றாட வேலையை, பிரஸ்ஸல்ஸில் எடுத்த முடிவின் பேரில் ஓர் அமெரிக்க நிறுவனம் நிறுத்த முடிந்தது. ரஷ்யா உக்ரேனில் நடத்தும் போரை நான் கண்டிக்கிறேன். தடைகளுக்கு நியாயம் இருக்கலாம். ஆனால் ஒரு நாட்டின் எரிபொருள் ஆலை இன்னொருவரின் விசைக்குக் கட்டுப்பட்டது என்ற உண்மையை அந்த நியாயம் மாற்றிவிடாது.

அதே ஆண்டில், அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றத்தின் தலைமை வழக்குரைஞர் கரீம் கான் மீது அமெரிக்கா தடை விதித்த பிறகு அவரது மின்னஞ்சல் கணக்கு முடங்கியதாகச் செய்திகள் வெளிவந்தன. நீதிமன்றத்துக்கான சேவையைத் தான் நிறுத்தவில்லை என்று மைக்ரோசாஃப்ட் கூறியது. யார் நிறுத்தினார்கள் என்ற வாதம் ஒருபுறம் இருக்கட்டும். அந்த நீதிமன்றம் ஜெர்மனியில் உருவான ஓப்பன்டெஸ்க் என்னும் திறமூல (நிரலை யாரும் பார்க்கவும் மாற்றவும் கூடிய) அலுவலக மென்பொருளுக்கு மாற முடிவு செய்தது. ஜெர்மனியின் ஷ்லெஸ்விக் ஹோல்ஸ்டைன் மாநில அரசும் தன் ஏறத்தாழ 30,000 கணினிகளை லிப்ரே ஆஃபீஸ் என்னும் திறமூல அலுவலக மென்பொருளுக்கு மாற்றப்போவதாக 2024இல் அறிவித்து, அதைச் செய்தும் வருகிறது.

நம் நாட்டுக்கு இந்தச் சிந்தனை புதிதன்று. அரிசி இறக்குமதியாளர்கள் இரண்டு மாத இறக்குமதிக்கு ஈடான அரிசியைக் கிடங்கில் வைத்திருக்க வேண்டும் என்று இங்கே விதி உண்டு. 2022 ஜூன் மாதம் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது, நம் கோழி வரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அங்கிருந்து வந்துகொண்டிருந்தும் நாம் பட்டினி கிடக்கவில்லை. வேறு வழிகள் முன்பே திறந்து வைக்கப்பட்டிருந்தன. ஒரே இடத்தை நம்பியிராதே என்பது நமக்குப் பள்ளியிலேயே ஊட்டப்படும் பாடம். 2019இல் நம் நாட்டின் முழுமைத் தற்காப்புக் கொள்கையின் ஆறாவது தூணாக மின்னிலக்கத் தற்காப்பு சேர்க்கப்பட்டபோது நான் மகிழ்ந்தேன். ஆனால் பொதுமக்களிடம் அது வந்து சேர்வது பெரும்பாலும் மோசடி அழைப்புகளைப் பற்றிய எச்சரிக்கையாகவே இருக்கிறது. மோசடி பெருங்கேடு, அதைச் சொல்லத்தான் வேண்டும். கூடவே, நாம் அன்றாடம் நம்பியிருக்கும் மென்பொருள் ஒருநாள் மறுக்கப்பட்டால் மாற்று வழி என்ன என்பதையும் அந்தத் தூணின்கீழ் பேச வேண்டும். 2024 ஜூலை 19ஆம் தேதி கிரவுட்ஸ்டிரைக் என்னும் இணையப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஒரு பிழையான புதுப்பிப்பால் உலகெங்கும் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் செயலிழந்தன. சாங்கி விமான நிலையத்தில்கூட அன்று சில விமான நிறுவனங்கள் பயணிகளைக் கையால் பதிவு செய்தன. கையால் செய்யத் தெரிந்தவர்கள் இருந்ததால்தான் விமானங்கள் கிளம்பின.

எல்லாரும் விண்டோஸைத் துறந்துவிட வேண்டும் என்பது என் வாதம் அன்று. பழைய மென்பொருளை எந்த நிறுவனமும் காலமெல்லாம் சீர்படுத்திக்கொண்டிருக்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும். நான் கேட்பது, வாங்கும்போதே ஆயுள் தெரிய வேண்டும் என்பதைத்தான். பிரிட்டனில் 2024 ஏப்ரல் முதல், இணையத்தோடு இணையும் சாதனங்களைத் தயாரிப்பவர்கள் குறைந்தது எதுவரை பாதுகாப்புப் புதுப்பிப்பு தருவார்கள் என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். வியப்பு என்னவென்றால், மேசைக் கணினிகளுக்கும் மடிக்கணினிகளுக்கும் அந்தச் சட்டம் பொருந்தாது. சிங்கப்பூரில் இணையப் பாதுகாப்பு அமைப்பு 2020 முதல் வைஃபை ரௌட்டர் போன்ற சாதனங்களுக்கு நான்கு நிலைத் தரச் சின்னம் வழங்கிவருகிறது. அந்தச் சின்னத்தைக் கணினிகளுக்கும் விரிவாக்கி, புதுப்பிப்பு முடியும் ஆண்டைப் பெட்டியின் மேலேயே பெரிய எழுத்தில் அச்சிடச் செய்யலாம். சிம் லிம் ஸ்குவேரில் 1,500 வெள்ளி கொடுத்து வாங்குபவருக்கு அந்த ஓர் எண்ணைத் தெரிந்துகொள்ளும் உரிமை இல்லையா?

அதுவரை நம்மால் முடிந்ததைச் செய்வோம். முக்கியமான ஆவணங்களை ஓடிஎஃப் என்னும் திறந்த கோப்பு வடிவத்தில் அல்லது சாதாரண உரைக் கோப்பாக ஒரு பிரதி எடுத்து, இணையத்தில் அன்றி வீட்டிலுள்ள ஒரு வன்தட்டில் வைத்துக்கொள்ளலாம். பழைய எழுத்துருவில் உள்ள தமிழ்க் கோப்புகளை, அவற்றை எந்த எழுத்துருவில் எழுதினோம் என்பது நினைவிருக்கும்போதே யூனிகோடுக்கு மாற்றிவிட வேண்டும். இலவச மாற்றிகள் இணையத்தில் கிடைக்கின்றன. ரிப்பேர் கோப்பித்தியாமில் தொண்டூழியர்கள் மின்விசிறியையும் சோற்றுப் பானையையும் பழுதுபார்ப்பதைப் போல, நம் தமிழ் அமைப்புகள் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சமூக மன்றத்தில் ஓர் அறை எடுத்து, பழைய கணினிகளுக்கு லினக்ஸ் நிறுவிக் கொடுக்கவும் பழைய கோப்புகளை மாற்றித் தரவும் முன்வந்தால், பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகளில் பலர் உதவிக்கு வருவார்கள் என்று நம்புகிறேன். அப்படி ஓர் அமைப்பு முன்வந்தால் கருவிகளோடு வந்து உட்கார நான் ஆயத்தமாக இருக்கிறேன். ஈசூன் ஐயாவும் எழுத்துருவை அடையாளம் காட்டும் வேலையைத் தாம் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.