தமிழில் வைத்தியம் படிப்பித்த ஊர்

நான் பிறந்தது யாழ்ப்பாணத்து மானிப்பாய் கிறீன் ஆஸ்பத்திரியில். அண்ணாவும் தங்கையும் அங்கேதான். இந்துக் கல்லூரியில் என்னோடு படித்த பலருக்கும் அதுதான் பிறந்த இடம். ஆனாலும் கிறீன் என்பவர் யார் என்று பத்தாம் வகுப்பு வரை நான் யாரையும் கேட்டதில்லை. ஆனைக்கோட்டை, நவாலி, சண்டிலிப்பாய் என்ற பக்கத்து ஊர்ப் பெயர்கள் போல அதுவும் காதில் விழுந்து பழகிய ஒரு பெயர்.

கேட்க வைத்தவர் எங்கள் சரித்திர மாஸ்டர். ஒருநாள் வகுப்புக்குள் வந்ததும் வராததுமாக, "உங்கட ஊரிலை அச்சடிச்ச புத்தகம் ஒண்டின்ரை பேர் சொல்லுங்கோ பாப்பம்" என்றார். ஒருவருக்கும் தெரியவில்லை. கரும்பலகையில் 1842 என்று எழுதினார். யாழ்ப்பாண அகராதி என்றும் மானிப்பாய் அகராதி என்றும் சொல்லப்படும் நூல் வந்த ஆண்டு அது. சந்திரசேகர பண்டிதர் உழைப்பில் உருவாகி, அமெரிக்க மிஷன் வெளியிட்ட தமிழ் அகராதி. ஏறக்குறைய 58,500 சொற்கள். நகரத்திலிருந்து ஐந்து மைல் தள்ளி, பனையும் தோட்டமுமாகக் கிடந்த ஒரு ஊரின் பெயரை ஒரு அகராதி சுமக்கிறது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. பெருமையில் அன்று முழுக்க எனக்கு வேறு பாடம் ஏறவில்லை.

இரண்டாவதாக 1886 என்று எழுதினார். ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளையின் 'பாவலர் சரித்திர தீபகம்' மானிப்பாயில் அச்சான ஆண்டு. நானூறுக்கு மேற்பட்ட புலவர்களின் வரலாறுகளை ஒருவரே தேடி எழுதி வைத்த நூல். அவர் கிறிஸ்தவர், 'உதயதாரகை' பத்திரிகையின் ஆசிரியராகவும் இருந்தவர். சைவப் புலவர், கிறிஸ்தவப் புலவர் என்ற பேதம் பார்க்காமல் எழுதினார். எங்கள் ஊருக்கு இதைவிட நல்ல அறிமுகம் வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

அப்புறம் கிறீன். டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822ஆம் ஆண்டு அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் வூஸ்டர் நகரில் பிறந்தவர். அதே ஆண்டில்தான் நல்லூரில் ஆறுமுக நாவலரும் பிறந்தார். 1847இல் இலங்கைக்கு வந்த கிறீன், மானிப்பாயில் வைத்தியம் பார்க்கவும் மாணவர்களுக்கு வைத்தியம் படிப்பிக்கவும் தொடங்கினார். முதலில் ஆங்கிலத்தில்தான் படிப்பித்தார். ஆனால் ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரசாங்க உத்தியோகம் தேடி வேறு இடங்களுக்குப் போய்விட்டார்கள். கிராமத்துச் சனத்துக்கு மிஞ்சியது குறைவு. இடையில் அமெரிக்கா போய் 1862இல் திரும்பி வந்தவர், 1864 முதல் வைத்தியப் படிப்பு முழுவதையும் தமிழுக்கு மாற்றினார். தமிழில் படித்தவன் தன் ஊரிலேயே நிற்பான், தன் சனத்தோடு அவர்கள் பேச்சிலேயே பேசுவான் என்பது அவர் கணக்கு.

படிப்பிக்கப் புத்தகம் வேண்டுமே? அதையும் உண்டாக்கினார். பிரசவ வைத்தியம் 1857இலேயே வந்துவிட்டது. சத்திரசிகிச்சை பற்றிய இரண வைத்தியம் 1867, உடற்கூறு பற்றிய மனுஷ அங்காதிபாதம் 1872. அவர் அமெரிக்கா போன பிறகு, 1875இல் கெமிஸ்தம், அதாவது இரசாயனம். எல்லாம் சேர்த்தால் நாலாயிரம் பக்கங்களுக்கு மேல். அவரோடு தன்வோர்த், சாப்மன், போல் என்ற தமிழ் மாணவர்களும் இருந்து உழைத்தார்கள். ஆங்கிலப் பெயர்களைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம், மூவரும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள். கிறீனுக்கோ அந்த நாகரிகம் பிடிக்காது. தன் மாணவர்கள் வேட்டி சால்வையோடு தமிழராகவே இருக்க வேண்டும், காற்சட்டை சப்பாத்துக்கு மாறக்கூடாது என்று நினைத்தவர் அவர்.

'கெமிஸ்தம்' என்ற சொல்லை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்த்துக்கொண்டிருப்பேன். தமிழில் சொல் கைக்கு எட்டாத இடத்தில் ஆங்கிலச் சொல்லையே எடுத்து, வால் பக்கத்தைத் தமிழாக்கி, வாயில் நிற்கிற மாதிரிச் செய்திருக்கிறார்கள். வேலை நிற்கக்கூடாது, படிக்கிற பிள்ளை காத்திருக்கக்கூடாது என்ற அவசரம் அந்தச் சொல்லில் தெரிகிறது.

ஊரோடு சம்பந்தப்பட்ட மற்றப் பெரியவர்களைப் பற்றி இந்த மலரில் வேறு யாரும் விரிவாக எழுதட்டும். கொழும்பு கொச்சிக்கடையில் பொன்னம்பலவாணேசர் கோயிலைக் கட்டிய பொன்னம்பல முதலியார் மானிப்பாயார். அவர் பிள்ளைகள்தான் சேர் பொன்னம்பலம் இராமநாதனும் 1919இல் இலங்கைத் தேசிய காங்கிரஸின் முதல் தலைவரான சேர் பொன்னம்பலம் அருணாசலமும். பக்கத்து நவாலியில் சோமசுந்தரப் புலவர். அவருடைய ஆடிப்பிறப்புப் பாட்டைப் பாடாமல் எங்களில் யார் வளர்ந்தோம்? எங்கள் கல்லூரி அதிபராக இருந்த வீரசிங்கம் அவர்களைச் சொல்லாமல் போனால் குறை. 1952இல் வட்டுக்கோட்டைத் தொகுதியில் சுயேச்சையாக நின்று பாராளுமன்றம் போனவர். யாழ்ப்பாணத்து வீரசிங்கம் மண்டபம் அவர் பெயரில்தான் நிற்கிறது.

எனக்குக் கிறீன் நெருக்கமானது லண்டனில். இங்கே இருபது வருடமாக ஆஸ்பத்திரிகளில் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்கிறேன். ஒருமுறை எங்கள் பக்கத்து அம்மா ஒருவருக்குப் பித்தப்பையில் சத்திரசிகிச்சை. டொக்டர் சொன்னதை நான் தமிழில் சொல்லச் சொல்ல அவர் முகம் தெளிந்தது. கடைசியில், "தம்பி, இப்பதான் எனக்குள்ளை என்ன இருக்குதெண்டு விளங்குது" என்றார். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. ஒருவருடைய உடம்பை அவருடைய மொழியிலேயே அவருக்கு விளங்க வைக்கும் இந்த வேலையை ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே என் ஊரில் ஒரு மனிதர் புத்தகம் புத்தகமாகச் செய்து வைத்திருக்கிறார். நான் அந்தப் பாதையில்தான் நடக்கிறேன் என்று அன்றுதான் உணர்ந்தேன்.

பிறகு அமெரிக்காவில் மகள் வீட்டுக்குப் போனபோது வூஸ்டர் வரை கூட்டிப் போகச் சொன்னேன். கிறீன் குடும்பத்துக் காணி இப்போது கிறீன் ஹில் என்ற பெரிய பூங்கா. 1905இல் குடும்பத்தார் நகரத்துக்குக் கொடுத்தது. கிறீனின் அண்ணன் அன்ட்ரூ ஹஸ்வெல் கிறீன், நியூயோர்க் சென்ட்ரல் பூங்கா உருவானதில் பெரும் பங்கு வகித்தவர். அண்ணன் ஒரு மாநகரத்தை வளர்த்துக்கொண்டிருந்த காலத்தில் தம்பி மானிப்பாயில் தமிழ்ச் சொல் தேடிக்கொண்டிருந்திருக்கிறார்.

1884இல் இறந்த அவருடைய கல்லறை அந்த நகரத்து மயானத்தில் இருக்கிறது. தமிழருக்கு மருத்துவ ஊழியர் என்று அவர் விருப்பப்படியே ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறார்கள். மகள் அதை வாசித்துவிட்டு, "அப்பா, தமிழர் எண்டு போட்டிருக்கு" என்றாள். எங்கோ ஒரு குளிர் நாட்டு மயானத்தில் எங்கள் பெயர். நான் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றேன். மருதடிப் பிள்ளையார் கோயில் வீதியில் வருடப்பிறப்புத் தேர் இழுத்த பிறகு கையில் ஒட்டியிருக்கும் வடத்தின் வாசம், ஏனோ அப்போது நினைவுக்கு வந்தது.

இந்தக் கட்டுரையை எழுதியதற்கு ஒரு காரணம் உண்டு. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது 97,000 நூல்கள் போயின. அதன் பிறகு இடப்பெயர்வுகளில் வீடுகளில் இருந்தவையும் போயின. உங்கள் அப்பாச்சி வீட்டுப் பெட்டகத்திலோ, பரியாரி ஒருவரின் பழைய அலுமாரியிலோ இரண வைத்தியமோ அங்காதிபாதமோ கிடக்கலாம். அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, கறையான் அரித்திருந்தாலும் பரவாயில்லை. ஊருக்குப் போகும்போது ஒருதரம் திறந்து பாருங்கள். கிடைத்தால் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, ஈழத்து நூல்களை இணையத்தில் சேர்த்து வைக்கும் நூலகம் நிறுவனத்துக்கு அனுப்புங்கள். படம் எடுக்க ஆள் வேண்டுமென்றால் எங்கள் ஊர்ச் சங்கத்துக்கு எழுதுங்கள், அடுத்த ஆடியில் நான் ஊரில்தான் நிற்பேன்.