புல்லிவட்டத்தைச் சுமந்து போகும் புழு

இங்கிலாந்தின் நார்ஃபோக் வடகரையில் இருக்கும் ஸ்டிஃப்கி உப்புச் சதுப்புக்கு, சீ லாவெண்டர் என்ற சதுப்புநிலச் செடி பூத்து நிலமே ஊதாவாகிக் கிடக்கும் ஜூலையில்தான் கூட்டம் வரும். நான் போனது செப்டம்பர் கடைசி. பூவெல்லாம் காய்ந்து பழுப்பாகி, நடுநடுவே உமரிச் செடி மட்டும் சிவந்திருந்தது. விதை தின்னும் அந்துப்பூச்சிகளைத் தேடுகிறவர்களுக்கு இதுதான் சீசன். பூச்சி கோடையிலேயே பறந்து முடித்துவிடும். இப்போது கிடைப்பது புழு.

ஓத நேரம் பார்க்காமல் இங்கே இறங்கக் கூடாது. கடல் நேராக முன்னால் வரும் என்று நினைத்து நிற்போம்; அதற்குள் ஓடைகள் வழியே தண்ணீர் நமக்குப் பின்னால் ஏறியிருக்கும்.

காய்ந்த சீ லாவெண்டர் கொத்தொன்றை லென்ஸில் பார்த்தேன். காகிதம் போன்ற புல்லிவட்டங்கள், அதாவது பூவின் அடியில் இருக்கும் வெளியுறைகள், வரிசையாக, எல்லாம் ஒரே மாதிரி. ஒன்று மட்டும் கொஞ்சம் கோணலாக நின்றது. பார்த்துக்கொண்டே இருக்கும்போது அது ஒரு எட்டு நகர்ந்தது! கோனியோடோமா லிமோனியெல்லா என்ற அந்துப்பூச்சியின் புழு. இந்தச் செடியில் பூவுக்கு ஒரு விதைதான். அதைத் தின்று தீர்த்ததும் காலியான புல்லிவட்டத்தையே கூடாக்கி, தலையையும் முன்கால்களையும் மட்டும் வெளியே நீட்டி, அடுத்த பூவுக்குச் சுமந்து போகிறது. பறவைக் கண்ணுக்கு அது இன்னொரு காய்ந்த பூ, அவ்வளவுதான். வளர்ந்து முடிந்ததும் கூட்டை விட்டுத் தண்டைத் துளைத்து உள்ளே போய்விடும், குளிர்காலம் அங்கேதான்.

உமரியில் வேறு கதை. அதன் விதையைத் தின்னும் கோலியோஃபோரா சாலிகார்னியே என்ற இன்னோர் அந்துப்பூச்சியின் புழு, குளிர்காலத்துக்கு மண்ணுக்குள் இறங்கிவிடுகிறது. இறங்காமல் என்ன செய்யும்? உமரி ஓராண்டுச் செடி, குளிரில் செத்துவிடும். சீ லாவெண்டர் பல ஆண்டு வாழ்வது. ஓர் ஆண்டு விதை போனாலும் தாங்கும். உமரிக்கு அந்த வசதி கிடையாது, அடுத்த தலைமுறை முழுக்க விதையில்தான். அதனால் புழுவின் சேதம் இதற்குத்தான் அதிகம் உறைக்க வேண்டும் என்பது என் கணக்கு.

அப்புறம், உமரிக்காகப் புழுவோடு போட்டி போடுவது நாமும்தான். சம்ஃபயர் என்று இங்கே கோடையில் பறித்துச் சமைக்கிறார்கள். 1981-ஆம் ஆண்டு வனவிலங்கு, கிராமப்புறச் சட்டப்படி நில உரிமையாளர் அனுமதியில்லாமல் வேரோடு பிடுங்கக் கூடாது என்பதால் நுனியைக் கிள்ளுகிறார்கள். செடி பிழைத்துக்கொள்ளும், சரி. ஆனால் பூத்து விதை பிடிப்பதும் அந்த நுனிகளில்தான்.