யார் சொன்னால் ஆபாசம்?

பெண்களின் எழுத்தைப் பற்றிப் பேசும்போது அவர்களுக்குக் கல்வி மறுக்கப்பட்ட வரலாற்றிலிருந்தே பெரும்பாலும் தொடங்குகிறோம். அது முக்கியமானதுதான். ஆனால் எழுதத் தெரிந்து, அரசவையில் மதிப்பும் பெற்ற ஒரு பெண்ணை எப்படி ஒதுக்கினார்கள் என்று பார்த்தால்தான், மொழியின் மீதான அதிகாரம் யார் கையில் இருந்தது என்பது விளங்கும். அதற்கு முத்துப்பழனியை விடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

18ஆம் நூற்றாண்டில் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மரின் அவையில் இருந்தவர் அவர். தேவதாசி மரபில் வந்தவர். தெலுங்கில் அவர் இயற்றிய 'ராதிகா சாந்த்வனம்', தானே வளர்த்த பெண்ணைக் கண்ணனுக்கு மணமுடித்து வைத்துவிட்டுப் பின்னர் பொறாமையில் வேகும் ராதையையும், அவளைச் சமாதானப்படுத்தக் கெஞ்சும் கண்ணனையும் பாடுகிறது. சிருங்காரம் தஞ்சை அவைக்குப் புதிதன்று. இன்பத்தை நாடுபவளாகவும் கேட்டுப் பெறுபவளாகவும் அதில் பெண் நிற்பதுதான் புதிது.

ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கழித்து அந்நூலைத் தெலுங்கு எழுத்தாளர் கந்துகூரி வீரேசலிங்கம் மதிப்பிட்டார். விதவை மறுமணத்துக்காக ஊரையே பகைத்துக்கொண்ட சீர்திருத்தவாதி அவர் என்பதால்தான் இந்த இடம் எனக்குக் கூடுதலாக வலிக்கிறது. பெண்கள் காதால் கேட்கவே தகாத பகுதிகள் இதில் உள்ளன, அவை ஒரு பெண்ணின் வாயிலிருந்து வரலாமா என்ற பொருள்பட அவர் எழுதினார். கவிதையின் குறை இன்னதென்று சொல்வதைவிட, எழுதியவர் பெண் என்பதே அங்கே பெரிய குற்றமாகிவிட்டது.

அதற்குப் பதில் சொன்னவரும் ஒரு பெண். திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் எழுப்பிய பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள், முந்தைய அச்சுப் பதிப்பில் பகுதிகள் விடுபட்டிருப்பதைக் கண்டு, சுவடியைத் தேடிப் பிடித்து, 1910இல் நூலை முழுமையாகப் பதிப்பித்தார். கூச்சமும் நாணமும் பெண்களுக்கு மட்டும்தானா என்று முன்னுரையில் கேட்டார். வீரேசலிங்கம் தாமே பார்வையிட்டு வெளியிட்ட ஓர் ஆண் கவியின் நூலில் இதைவிட வெளிப்படையான வருணனைகள் இருப்பதையும் எடுத்துக் காட்டினார். அந்தக் கேள்விக்கு நேர்மையான விடை வரவில்லை. 1911இல் ஆங்கிலேய அரசின் தடைதான் வந்தது. பிரதிகள் பறிமுதல் செய்யப்பட்டன. 1947இல், விடுதலைப் போராட்டத் தலைவர் டங்குடூரி பிரகாசத்தின் முயற்சியால்தான் அத்தடை நீங்கியது.

ஆண்டாளைக் கொண்டாடுகிறோமே என்று சிலர் கேட்கக்கூடும். திருப்பாவையை மார்கழி முழுவதும் பாடுகிறோம், வாரணமாயிரத்தைத் திருமண வீடுகளில் பாடுகிறோம். அதே நாச்சியார் திருமொழியில் அவள் தன் உடலையும் வேட்கையையும் மறைக்காமல் பாடிய பாசுரங்களை மேடைகளில் கேட்பது அரிது. தெய்வமாக்கிய பிறகும் அவளை நாம் தேர்ந்தெடுத்தே கேட்கிறோம்.

சங்கப் பாடல் முதல் சிற்றிலக்கியம் வரை ஆண் புலவர்கள் தயக்கமின்றி வருணித்த உறுப்பு, 2002இல் கவிஞர் குட்டி ரேவதி தம் தொகுப்புக்கு 'முலைகள்' என்று தலைப்பிட்டதும் பண்பாட்டுக்கு நேர்ந்த கேடாகிவிட்டது. அவரோடு சல்மா, சுகிர்தராணி, மாலதி மைத்ரி ஆகியோரும் தூற்றப்பட்டனர். கவிதை நன்றாக இருக்கிறதா என்ற பேச்சைவிட, எழுதியவரின் ஒழுக்கத்தைப் பற்றிய பேச்சே உரக்கக் கேட்டது.

இதில் சாதியும் சேரும்போது சுமை இரட்டிப்பாகிறது. 1992இல் 'கருக்கு' என்ற தன்வரலாற்றை எழுதிய தலித் எழுத்தாளர் பாமா, தம் மக்கள் பேசும் பேச்சிலேயே அதை எழுதினார். எது இலக்கிய மொழி, எது கொச்சை என்று வகுத்து வைத்திருந்தவர்களிடம் அவர் அனுமதி கேட்கவில்லை. தமிழ் உரைநடைக்கு அவர் செய்த பெரும் கொடை அதுவே என்பது என் எண்ணம்.

2021இல் டெல்லிப் பல்கலைக்கழகம் தன் ஆங்கில இலக்கியப் பாடத்திட்டத்திலிருந்து பாமாவையும் சுகிர்தராணியையும், கூடவே மகாசுவேதா தேவியின் 'திரௌபதி' கதையையும் நீக்கியது. தலித் எழுத்தாளர்களான பாமா, சுகிர்தராணி இருவரின் இடத்தில் 19ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதி பண்டித ரமாபாயின் எழுத்து வைக்கப்பட்டது. ரமாபாய் அவசியம் படிக்கப்பட வேண்டியவர். ஆனால் ஒரு பெண்ணை எடுத்துவிட்டு இன்னொரு பெண்ணை வைத்தால் சரியாகிவிடும் என்று கருதும்போது, எடுக்கப்பட்டவர்கள் என்ன சொன்னார்கள் என்பது கணக்கிலேயே வருவதில்லை. கல்விக் குழு உறுப்பினர்கள் சிலர் எதிர்ப்பை எழுத்தில் பதிவு செய்தனர். நீக்கம் அப்படியே நிறைவேறியது.