இந்தப் படத்துல நம்ம ஊரு எங்க இருக்கு?

ஒவ்வொரு வருஷமும் ஃபர்ஸ்ட் இயர் பசங்களுக்கு முதல் கிளாஸ்ல நான் பாடமே எடுக்க மாட்டேன். யாராவது ஒருத்தர கூப்ட்டு போர்டுல நீர் சுழற்சி படம் போடச் சொல்லுவேன். யார கூப்ட்டாலும் படம் ஒண்ணுதான். இந்தப் பக்கம் கடல், அந்தப் பக்கம் முக்கோணமா ஒரு மலை, மேல பஞ்சு மாதிரி மேகம், மூலையில முள்ளு முள்ளா சூரியன், நடுவுல அம்புக்குறி. ஆவியாதல், சுருங்குதல், மழைப்பொழிவுன்னு கடகடன்னு எழுதிட்டு சாக்பீஸ கீழ வச்சிட்டு கைய தட்டிக்கிட்டு நிப்பாங்க. ஆறாம் கிளாஸ்லேர்ந்து போட்டுப் போட்டு கை பழகிப் போச்சு.

அப்ப நான் கேப்பேன், சரி, இந்தப் படத்துல திருச்சி எங்க இருக்கு?

ஒரு நிமிஷம் சத்தமே இருக்காது. அப்புறம் பின்னாடி பெஞ்சுலேர்ந்து எவனாவது "மலைக்கும் கடலுக்கும் நடுவுல மேம்"னு இழுப்பான். எந்த மலை, எந்தக் கடல்னு கேட்டா அதோட முடிஞ்சது. படத்துல இருக்கற மலை எங்கயுமே இல்லாத மலை, அந்தக் கடலும் அப்படித்தான். பரீட்சைக்குன்னே ஒரு தனி உலகம் வச்சிருக்காங்க, அந்த உலகத்துக்கு பஸ்ஸே கிடையாது.

அதனால அடுத்த கேள்வி ஆடிப்பெருக்கு. இங்க வர்ற பசங்கள்ல பாதிப் பேர் முசிறி, குளித்தலை, லால்குடி பக்கம், மீதி துறையூர், பெரம்பலூர், அரியலூர். ஆடி 18க்கு ஆத்தங்கரைக்குப் போகாதவங்க ரொம்பக் கம்மி. ஆடி மாசம் நம்ம ஊர்ல மழை பெய்யுமாடான்னு கேட்டா எங்க மேம், காத்துதான் அடிக்கும், மண்ண வாரி மூஞ்சில போடும்பாங்க. அப்ப ஆத்துல தண்ணி எப்படி வருது? மேட்டூர்ல தொறந்து விடறாங்க. மேட்டூர் அணை கட்டி முடிச்சது 1934ல, அதுக்கு முன்னாடி ஆடிப்பெருக்கு கும்பிடலயா உங்க பாட்டனுக்குப் பாட்டன்? இந்த இடத்துல கொஞ்சம் உசுரு வரும் கிளாஸுக்கு. குடகுல மழை மேம்னு ஒருத்தி சொல்லுவா, நியூஸ்ல கேட்ருக்கேன்னு இன்னொருத்தன் சொல்லுவான், அங்க மட்டும் ஏன் பெய்யுது இங்க ஏன் பெய்யலன்னு மூணாவது ஆளு அவனாவே கேட்டுட்டான்னா அன்னைக்கு எனக்கு வேலையே இல்ல.

குடகுல இருக்கற மடிக்கேரியில வருஷத்துக்கு 3000 மில்லிமீட்டருக்கு மேல மழை, அதுல பெரும் பங்கு ஜூன்லேர்ந்து செப்டம்பருக்குள்ள. அரபிக்கடல்லேர்ந்து வர்ற ஈரக்காத்து மேற்குத் தொடர்ச்சி மலையில முட்டி மேல ஏறுது, ஏறினா குளிருது, குளிர்ந்தா சுமந்துட்டு வந்த ஈரத்த கொட்டிட்டு காலிப் பையோட இந்தப் பக்கம் எறங்குது. எறங்கறப்ப திரும்ப சூடாகுது. அதுதான் மழை மறைவுப் பகுதி, அதாவது நாம. நமக்குப் பெய்யற மழையில கிட்டத்தட்ட பாதி வடகிழக்குப் பருவமழை, ஐப்பசி கார்த்திகை. ஆக ஆடி மாசம் நம்ம ஆத்துல ஓடறது நமக்குப் பெய்யாத மழை, இத சொல்றப்ப பசங்க மூஞ்சிய பாக்கணும்.

மேல ஏறினா காத்து ஏன் குளிரும்ங்கறதுதான் பசங்களுக்கு எறங்கவே எறங்காது, சூரியன் பக்கத்துலதானே மேம் போகுதும்பாங்க. முன்னெல்லாம் நான் வாயத் தொறந்து 'ஹா'ன்னு கைல ஊது, சூடா இருக்கா, இப்ப உதட்டக் குவிச்சு ஊது, ஜில்லுன்னு இருக்கா, அதுதான் விரிஞ்சு குளிர்றதுன்னு காட்டிட்டு இருந்தேன். நாலஞ்சு வருஷம் பெருமையா காட்டினேன். அப்புறம்தான் தெரிஞ்சுது அது பெரும்பாலும் வெளிக்காத்த இழுத்துச் சேத்துக்கறதால வர்ற குளிர்ச்சி, விரியறதால இல்லன்னு. அந்த பேட்ச் பசங்களுக்கெல்லாம் ஒரு மன்னிப்பு பாக்கி இருக்கு. இப்ப ரெண்டு லிட்டர் கூல்ட்ரிங்ஸ் பாட்டில். அடியில கொஞ்சூண்டு தண்ணி, உள்ள ஊதுபத்திப் புகை ஒரு இழுப்பு, மூடியப் போட்டு நல்லா நசுக்கிப் பிடிச்சு சட்டுன்னு விட்டா உள்ள வெள்ளையா ஒரு மேகம். திரும்ப நசுக்கினா காணாமப் போகும். புகை இல்லாம பண்ணினா ஒண்ணும் வராது, வந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. மேகத்துக்கு தூசி வேணும்னு நான் சொல்லவே வேண்டியதில்ல, புகை போட மறந்த பெஞ்சுக்காரங்களே கண்டுபிடிச்சிடுவாங்க. ஒரு மணி நேரம் பூரா ஊதுபத்தி வாசனை, பக்கத்து கிளாஸ் சார் எட்டிப் பாத்து "என்ன மேடம் ஆயுதபூஜையா"ன்னு கேட்டுட்டுப் போனாரு.

ஆடிக்காத்துல அம்மியும் பறக்கும்னு சொல்றோமே, அந்தக் காத்து வர்ற வழியையும் அன்னைக்கே சொல்லிடுவேன். மேற்குத் தொடர்ச்சி மலை பூரா சுவர் மாதிரி நிக்குது, பாலக்காட்டுல மட்டும் ஒரு 30 கிலோமீட்டர் அகலத்துக்கு கதவத் தொறந்து வச்ச மாதிரி ஒரு கணவாய். அதுக்குள்ள புகுந்து வர்ற காத்துதான் பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம்னு காத்தாடிய சுத்திவிட்டுட்டு கரூர் வழியா நம்ம மொட்டமாடித் துணியையும் தூக்கிட்டுப் போகுது. சிலபஸ்ல இது எங்கயும் வராது. சிலபஸ்ல உள்ளூர்க் காத்துன்னா சினூக், ஃபான், மிஸ்ட்ரல்னு எல்லாம் வெளிநாட்டுக் காத்து. சினூக் அடிச்சு ராக்கி மலையில பனி உருகறது துறையூர் பையனுக்கு மனப்பாடம், அவன் வீட்டு ஓட்டத் தூக்கற காத்துக்கு பாடப்புத்தகத்துல பேர் இல்ல. இது எனக்குத் தீராத எரிச்சல்.

சரி மணல் கதைக்கு வர்றேன், அத எழுதத்தான் உக்காந்தேன். ஆறு எப்படி அரிக்குது, எப்படிப் படிய வைக்குதுன்னு காட்ட ஒரு பழைய பேக்கரி ட்ரே வச்சிருக்கேன். ஒரு பக்கம் செங்கல் வச்சுத் தூக்கிட்டு, மணல நிரப்பி, மேல சலைன் ட்யூப் மாதிரி ஒரு ட்யூப்ல தண்ணி விட்டா பத்து நிமிஷத்துல வளைஞ்சு நெளிஞ்சு ஓட ஆரம்பிக்கும், கீழ் முனையில விசிறி மாதிரி டெல்டா விழும். போன வருஷம் என்கிட்ட இருந்த மணல யாரோ செடித்தொட்டிக்கு அள்ளிட்டாங்க. பசங்ககிட்ட மணல் கொண்டு வாங்கன்னு சொன்னேன், கட்டடம் கட்டற எடத்துலேர்ந்து ரெண்டு பை கொண்டு வந்தாங்க. ட்ரேல கொட்டி தண்ணிய விட்டா ஆறும் ஓடல ஒண்ணும் ஓடல. தண்ணி சாம்பக்கரைசல் மாதிரி ஆயிடுச்சு, மணல் கெட்டி தட்டி சிமெண்ட் பூசின மாதிரி உக்காந்துடுச்சு. கையால கிளறிப் பாத்தா குத்துது. எம்-சாண்ட், கல்ல உடைச்சு செய்யற மணல்.

காவிரிக்கரையில இருந்துட்டு ஆறு ஓடிக்காட்ட ஆத்து மணல் கிடைக்கல. பசங்க சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன், ஆனா சிரிக்கற விஷயம் இல்ல.

மறுநாள் லால்குடி பக்கத்துப் பொண்ணு ஒருத்தி டிஃபன் பாக்ஸ்ல ஆத்து மணல் கொண்டு வந்தா, அவங்க வீடு கட்டினப்ப மிஞ்சினதாம், அப்பா பொன்னு மாதிரி மூடி வச்சிருக்காராம். ட்ரேய ஓரமா வச்சிட்டேன். ரெண்டு மணலையும் கருப்புச் சார்ட்டுல தனித்தனியா ஒரு சிட்டிகை தூவி லென்ஸ குடுத்தேன். பாடம் எதுவும் சொல்லல, என்ன வித்தியாசம்னு மட்டும் எழுதுங்கன்னேன். எம்-சாண்ட் உடைஞ்ச கண்ணாடி மாதிரி மூலை மூலையா, கூடவே மாவு மாதிரி தூசி. ஆத்து மணல் முனையெல்லாம் மழுங்கி, சிலது பாதி கற்கண்டு மாதிரி கண்ணாடி வெள்ளை, ஒண்ணு ரெண்டு செகப்பு, கறுப்பா மின்னற சின்னத் துணுக்கு. ஒருத்தன் எழுதினான்: இது இப்ப உடைஞ்சது, அது ரொம்ப நாள் நடந்து வந்தது. நான் என்னத்த சொல்றது இதுக்கு மேல. காவிரி மொத்தம் சுமார் 800 கிலோமீட்டர். வழியில மலையில வெயில்லயும் மழையிலயும் சிதைஞ்ச பாறையிலேர்ந்து பிரிஞ்சு, உருண்டு, ஒண்ணோட ஒண்ணு மோதி, மென்மையான கனிமமெல்லாம் களிமண்ணா மாறி வண்டலா தஞ்சாவூருக்குப் போயிட, கெட்டியான குவார்ட்ஸ் மிஞ்சினதுதான் மணல். கிரஷர்ல கருங்கல்ல ஒரே நாள்ல உடைச்சு எடுக்கறதுக்கு அந்த நடை கிடையாது.

அதுக்கப்புறம் கிளாஸ் மணல் அள்றதப் பத்தி சண்டையா மாறிடுச்சு, ஒரு பையனோட மாமா லாரி வச்சிருக்காராம், அவன் ஒரு பக்கம், மீதிப் பேர் ஒரு பக்கம். நான் நடுவுல புகல, பேச்சு முக்கொம்புக்குப் போச்சு. 2018 ஆகஸ்ட்ல முக்கொம்புல கொள்ளிடத்து மேலணை மதகுகள் ஒம்பது அடிச்சுட்டுப் போச்சே, இவங்கெல்லாம் அப்ப ஸ்கூல் பசங்க, அப்பா தோள்ல உக்காந்து வேடிக்கை பாத்தேன்னு ஒருத்தி சொன்னா. அதே மாசம்தான் குடகுல மழை கொட்டி மலை சரிஞ்சு ஊரு ஊரா மண்ணுல பொதைஞ்சுது. அந்த மழை கிருஷ்ணராஜசாகர், மேட்டூர்னு ஒவ்வொண்ணா நிரப்பிட்டு எறங்கி வந்து இங்க மதகுல மோதிச்சு. போர்டுல ரெண்டு புள்ளி வச்சு கோடு இழுத்தேன், அவ்வளவுதான்.

அரியலூர் பசங்களுக்கு மட்டும் எப்பவும் ஒரு கெத்து உண்டு, அவங்க ஊர்ல கடல் இருந்துச்சு இல்ல. சுமார் 10 கோடி வருஷத்துக்கு முன்னாடி அங்க கடல், அதுக்கப்புறமும் ரொம்ப காலத்துக்கு. பக்கத்துல பெரம்பலூர் மாவட்டத்துக் காரைங்கற ஊர்ப் பக்கம் மழை அரிச்ச செம்மண்ணுல இன்னைக்கும் சுருள் சுருளா அம்மோனைட் படிவம் கெடக்கு, சாத்தனூர்ல 18 மீட்டர் நீளத்துக்கு கல்லா மாறின மரம் படுத்திருக்கு. அந்தக் கடல்ல இருந்த சிப்பி, கிளிஞ்சல் எல்லாம் படிஞ்சு சுண்ணாம்புக்கல்லாச்சு, அதனாலதான் சிமெண்ட் ஃபேக்டரி எல்லாம் அங்க போய் குவிஞ்சிருக்கு. பாறைக்கோளம், நீர்க்கோளம், வளிமண்டலம், உயிர்க்கோளம்னு சிலபஸ்ல நாலு யூனிட், நாலுக்கும் தனித்தனி கேள்வி. எனக்கு ஒரு சிமெண்ட் மூட்டை போதும். உயிரு ஓடாச்சு, ஓடு கல்லாச்சு, 100 கிலோ சுத்தமான சுண்ணாம்புக்கல்ல சூளையில சுட்டா 44 கிலோ கார்பன் டை ஆக்சைடு வானத்துக்குப் போகுது. அப்பா ஃபேக்டரியில லோடுமேனா இருக்கற பையன் அந்தக் கணக்க ரெண்டு தடவை நோட்டுல போட்டுப் பாத்தான்.

எல்லாமே இப்படி அமையறதில்ல. பருவகாலம் எடுக்கறப்ப இன்னும் தடுமாறறேன். சித்திரையில ஏன் வெயில்னா சூரியன் கிட்ட வருதும்பாங்க. ஜனவரி முதல் வாரம்தான் பூமி சூரியனுக்கு ரொம்பக் கிட்ட, சுமார் 14.7 கோடி கிலோமீட்டர், ஜூலையில 15.2 கோடின்னு சொன்னா நம்ப மாட்டாங்க, நம்பினாலும் மறுவாரம் பழையபடி. ஏப்ரல் 18 வாக்குல மத்தியானம் 12.15க்கு கிரவுண்டுல பைப்ப நட்டு வச்சு நிழல் காணாமப் போறத காட்டுவேன். செல்ஃபி எடுப்பாங்க. அப்ப அன்னைக்குத்தானே மேம் ரொம்ப சூடா இருக்கணும், அக்னி நட்சத்திரம் ஏன் மே மாசம் வருதுன்னு இந்த வருஷம்தான் முதல் தடவையா ஒருத்தி கேட்டா. அடுப்ப முழுசா ஏத்தின உடனே தோசைக்கல்லு காயுமா, வாங்கற சூடு விடற சூட்ட விட அதிகமா இருக்கற வரைக்கும் ஏறிட்டேதான் போகும்னேன். பாதி புரிஞ்சுது.

போன மாசம் இன்டர்னல்ல நீர் சுழற்சிய படத்துடன் விளக்குகன்னு பத்து மார்க் கேள்வி. டிஃபன் பாக்ஸ்ல மணல் கொண்டு வந்தவ முக்கோண மலை போடல. இடது பக்கம் அரபிக்கடல், அப்புறம் குடகு, மேட்டூர், மூணு நாள் கழிச்சு கல்லணை, ஒரு வாய்க்கால், வாய்க்கால் ஓரம் அவங்க வீடு, வீட்டு முன்னாடி அந்த மணல் குவியல், கடைசில பூம்புகார். அம்புக்குறி ஒண்ணு கூட இல்ல. வெளியில திருத்தறவங்க கையில போனா அஞ்சு கூட தேறாதுன்னு பயந்து, பழகட்டும்னு ரெண்டு மார்க் கொறச்சு எட்டு போட்டேன்.

பேப்பர எடுத்துட்டு ஸ்டாஃப் ரூமுக்கே வந்துட்டா. "மேம், தண்ணி எந்தப் பக்கம் ஓடும்னு எங்க ஊர்ல யாருக்குத் தெரியாது?"

அம்புக்குறி போடு, அப்புறம் பாக்கலாம்னு சொல்லி அனுப்பியிருக்கேன். இன்னும் வரல.