டிவிடி நிறமாலைமானி: சோடியம் கோடு வரை

நாகர்கோவிலில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் வைத்திருக்கும் நிறமாலைமானி (ஒளியை அதன் நிறங்களாகப் பிரித்துக் காட்டும் கருவி) இப்போது ஓரளவு நம்பத்தக்கதாகிவிட்டது. இரண்டு சவர பிளேடுகளின் விளிம்புகளை மயிரிழை இடைவெளியில் ஒட்டிய பிளவு, உட்புறம் கறுப்புத் தாள் ஒட்டிய அட்டைப்பெட்டி, பூச்சு உரித்த டிவிடித் துண்டு, அதன் பின்னால் கைப்பேசிக் கேமரா ஆகியவைதான் கருவி முழுவதும். டிவிடியின் தடங்கள் 0.74 மைக்ரோமீட்டர் இடைவெளியில் இருப்பதால், 1.6 மைக்ரோமீட்டர் இடைவெளி கொண்ட சிடியைவிட அது நிறங்களை அகலமாக விரிக்கிறது.

சி.எஃப்.எல் விளக்கிலுள்ள பாதரசத்தின் 435.8, 546.1 நானோமீட்டர் அலைநீளக் கோடுகளை வைத்துப் படத்திற்கு அளவுகோல் அமைத்தேன். வெயில் விழும் வெள்ளைத் தாளை நோக்கிக் கருவியைத் திருப்பியதும் (சூரியனை நேராகப் பார்ப்பது கண்ணுக்குக் கேடு) சூரிய நிறமாலையின் இருண்ட கோடுகள் தெரிந்தன. 589 நானோமீட்டர் அருகே, சோடியம் ஒளியை உறிஞ்சுவதால் உண்டாகும் கோடு தெளிவாக நிற்கிறது. ஆனால் அது 0.6 நானோமீட்டர் இடைவெளியுள்ள இரட்டைக் கோடு என்பது என் படத்தில் தெரியவில்லை.

இந்த 0.6 எவ்வளவு பெரிய அளவு என்பது கணக்குப் போட்டபோதுதான் உறைத்தது. 1995இல் மிஷெல் மேயரும் டிடியே கேலோவும் பிரான்சின் ஓத்-புரொவான்ஸ் வானாய்வகத்தில் எலோடி நிறமாலைமானியைக் கொண்டு 51 பெகாசி என்னும் விண்மீனைச் சுற்றும் கோளைக் கண்டறிந்தார்கள். கோளின் ஈர்ப்பால் அந்த விண்மீன் 4.23 நாளுக்கு ஒரு சுற்றாக, விநாடிக்கு ஏறத்தாழ 56 மீட்டர் வேகத்தில் நம்மை நெருங்கியும் விலகியும் அசைகிறது. ஒளி தரும் பொருளும் பார்ப்பவரும் நெருங்கினால் கோடுகளின் அலைநீளம் சற்றுக் குறையும், விலகினால் கூடும். அதனால் சோடியம் கோடு நகர்வது சுமார் 0.00011 நானோமீட்டர், நான் பிரிக்கத் திணறும் இடைவெளியில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு. ஒரே கோட்டை நம்பாமல் ஆயிரக்கணக்கான கோடுகளின் நகர்வைச் சேர்த்துக் கணக்கிடுவதாலும், தோரியம் விளக்கின் கோடுகளை உடன் பதிவுசெய்து ஒப்பிடுவதாலும்தான் அது அளவிடத்தக்கதாகிறது.

இதில் என்னை அதிகம் ஈர்த்தது நம் ஊர்க் கணக்குதான். ஏறத்தாழ 8 பாகை அட்சரேகையிலுள்ள கன்னியாகுமரியைப் பூமியின் சுழற்சி விநாடிக்குச் சுமார் 460 மீட்டர் வேகத்தில் கிழக்கே கொண்டுசெல்கிறது. சமஇரவு நாளையொட்டி முக்கடல் முனையில் நிற்பவர், சூரிய உதயத்தின்போது அந்த வேகத்தில் சூரியனை நெருங்குகிறார். அதே கடற்கரையில் அஸ்தமனம் பார்க்கும்போது அதே வேகத்தில் விலகுகிறார். 51 பெகாசியின் அசைவைப்போல் இது எட்டு மடங்கு. பூமி சூரியனைச் சுற்றும் விநாடிக்கு 30 கிலோமீட்டர் வேகம் வேறு. இவ்விரண்டையும் துல்லியமாகக் கழித்த பிறகே கோளைப் பற்றிப் பேச முடியும்.

சோடியம் இரட்டையைப் பிரிப்பதற்காக, பிளவை மேலும் ஒடுக்கி, பெட்டியை நீட்டி, டிவிடித் துண்டுக்கு முன்னால் ஒளியை இணைக்கதிராக்கும் குவிலென்சு ஒன்றை அடுத்துப் பொருத்தப் போகிறேன்.